பெனிட்டா எழுதிய அறிக்கை

இதழியல் வகுப்பில் அன்றைக்கு ஒரு பயிற்சி. கற்பனையான ஒரு தொழிற்சாலையில் வாயு கசிகிறது, கம்பெனி சார்பில் மக்களுக்கு அறிக்கை எழுத வேண்டும். என்ன வாயு சார் என்று பெனிட்டா கேட்டாள். "அது நமக்கெதுக்கு? ஜனங்க பதறி ஓடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் பேராசிரியர். நாலைந்து கம்பெனிகளுக்கு ஆலோசகராகவும் இருப்பவர் அவர். அவள் எழுதினாள்: 'உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக வீட்டிலேயே இருங்கள்.' அதை வகுப்புக்கு உரக்கப் படித்துக்காட்டிவிட்டு அவர் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். பெனிட்டாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பரீட்சை சமயத்தில் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். இருமலுக்கு நடுவே பேசினாள். "நம்மூர் கெமிக்கல் கம்பெனியில ஏதோ கசியுதாம் பெனி. தெருவே கிளம்பிடுச்சு. நாங்களும் பையைத் தூக்கிட்டோம். அதுக்குள்ள ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டு வந்தாங்க, உங்க பிள்ளைங்க எங்க பிள்ளைங்கன்னு. எவ்வளவு அக்கறையா சொல்றாங்க தெரியுமா? அதான் கதவைச் சாத்திட்டு உக்காந்துட்டோம்."

"ஐயோ அம்மா, அதை எழுதினதே நான்தான்" என்றாள் பெனிட்டா.

"நீயா?" அம்மாவின் குரல் மலர்ந்தது. "இரு, அந்த ஆட்டோ திரும்பவும் வருது. அப்பாவும் கேக்கட்டும்."

ஜன்னல் கொக்கியை எடுக்கும் சத்தம் கேட்டது.