கடைவாய்ப் பல்

ரயிலுக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. நேசையா சட்டை மாற்றி, தலை சீவி, இடது கன்னத்தைக் கையால் தாங்கியபடி வாசலில் வந்து நின்றார்.

“யம்மா டார்லின், இன்னைக்கும் நாளைக்குன்னு சொல்லிராத. நாளைக்கு நீ இங்கன இருக்க மாட்ட.”

பெட்டியின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்த டார்லின் அதை மறுபடியும் ஒரு தடவை எடை போட்டாள்.

கனடாவிலிருந்து அவள் வந்திறங்கிய மறுநாளே அப்பா சொல்லிவிட்டார், கடைவாய்ப் பல் ஆடுகிறது, நீயே எடுத்து விட்டுவிடு என்று. பார்ப்போம்பா என்றாள். மூன்று வார லீவு. கல்யாண வீடு, கோயில், ஜவுளிக்கடை என்று எங்கெங்கோ ஓடினாள். அந்தப் பல்லுக்கு மட்டும் பிடி கொடுக்கவில்லை.

“மஹாகிட்ட காட்டுங்கப்பா. அவளுக்கு நல்ல கை.”

“டாக்டர் பிள்ளையப் பெத்து வச்சுக்கிட்டு அடுத்தவகிட்ட வாயைத் திறக்கவா?”

ஆட்டோ பிடித்தார்கள்.

படித்தவள்தான். பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம், நாளுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் பல் பார்த்தவள்தான். ஜாபேஸைக் கட்டிக்கொண்டு கனடா போன பிறகு அந்தப் படிப்பு அங்கே செல்லுபடியாகவில்லை. மறுபடி தேர்வு எழுதச் சொன்னார்கள். இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கொஞ்ச மார்க்கில் தவறிப் போயிற்று. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

கடைசியில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை கிடைத்தது. போன் எடுக்க வேண்டும். நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் கருவிகளைக் கழுவி அடுக்கி வைக்க வேண்டும்.

க்ளினிக்கில் வேலை என்று வீட்டுக்குச் சொன்னாள். அது பொய்யில்லை என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

ஐந்து வருஷமாக அவள் ஒருவர் வாயிலும் கை வைத்ததில்லை.

டவுணில் தெற்கு ரத வீதியில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது மஹாலக்ஷ்மியின் க்ளினிக். டார்லினோடு கூடப் படித்தவள். விஷயத்தைக் கேட்டதும் தன் இடத்தை விட்டு விலகி நின்று, கையுறையை நீட்டினாள்.

டார்லின் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். பிரஷர் பார்த்தாள். நூற்று முப்பது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பிரஷர் பார்த்தாள். அதே நூற்று முப்பது.

இனிமேல் பார்க்க ஒன்றும் பாக்கி இல்லை.

ஊசியைக் கையில் எடுத்தபோது விரல்கள் நடுங்கின. கதவு பக்கத்தில்தான் இருந்தது. வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லி வெளியே போய்விட்டால் மீதியை மஹா முடித்துவிடுவாள். ஆனால் அப்பா கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து, ஞானஸ்நானத்துக்குத் தலை கொடுத்த பிள்ளையைப் போலக் கிடந்தார். அவர் முகத்தில் துளிப் பயம்கூட இல்லை.

ஊசி போட்டாள். ஈறு மரத்துப்போகும் வரை சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு இடுக்கியால் பல்லைப் பற்றினாள். அழுத்தி, இந்தப் பக்கம் ஒரு அசை, அந்தப் பக்கம் ஒரு அசை. பாதியில் விரல் நடுக்கம் நின்றுபோனது அவளுக்கே தெரியவில்லை. மணிக்கட்டு தானாகத் திரும்பியது. பல் வேரோடு வந்துவிட்டது.

பஞ்சை மடித்து உள்ளே வைத்தாள். “இறுக்கிக் கடிச்சுக்கிடுங்கப்பா. அரை மணி நேரம் பேசக் கூடாது.”

அப்பா தலையாட்டிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கை கழுவும்போது டார்லினின் உடம்பெல்லாம் பரபரத்தது. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அடுத்த ஆளை உள்ளே வரச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. மணியைப் பார்த்தாள். ரயிலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.

மஹாலக்ஷ்மி அந்தப் பல்லைத் தட்டிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இது மார்ச் மாசமே எடுத்திருக்க வேண்டிய பல்லுடி. நான்தான் பார்த்தேன். எடுத்திருவோம் சார்னேன். எம் பிள்ள வரட்டும்னுட்டாங்க. எட்டு மாசமா ஒரு பக்கமாவே மென்னு சாப்பிடுதாங்க.”

“எதுக்கு? வலிச்சிருக்குமே.”

மஹாலக்ஷ்மி கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உன் பிறந்தநாளுக்கு, நீ வேலை பார்க்குற க்ளினிக் நம்பரைத் தேடிப் பிடிச்சு போன் போட்டிருக்காங்க. டாக்டர் டார்லின் இருக்காங்களான்னு கேட்கணும்னு ஆசை. நீதான் எடுத்தியாம். எந்த டாக்டரைப் பார்க்கணும்னு கேட்டுட்டு, நீயே நாலு டாக்டர் பேரைச் சொன்னியாம். அதுல உன் பேரு இல்லையாம். ஒண்ணும் பேசாம வச்சுட்டாங்களாம்.”

டார்லின் குழாயை மூட மறந்து நின்றாள்.

“வந்து என்கிட்ட சொன்னாங்க. ‘பிள்ளைக்குக் கை மறந்துரக் கூடாது டாக்டர், இந்தப் பல்லு அவளுக்கு இருக்கட்டும்’னு.”

திரும்பும்போது ஆட்டோ ஜங்ஷனைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அப்பா பஞ்சைக் கடித்தபடி, நேரே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசுவதற்கு இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும்.

“அப்பா, அங்கன நான் டாக்டர் இல்லப்பா.”

நேசையா திரும்பவில்லை. மேலே சொல்லு என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார்.

பாலம் முடிவதற்குள் அவள் முதல் தேர்வு வரைக்கும்தான் சொல்லியிருந்தாள்.