சுத்தம் சாரின் வாசல்

“என் தொட்டி மண்ணை யார் அள்ளினது?”

பிள்ளை பெற்று ஒன்றரை மாதமாகியும் களைப்பு அவள் முகத்தை விட்டு இன்னும் போகவில்லை. குழந்தையோடு கணவனை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, “என் செடிங்களை ஒரு எட்டுப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்” என்று ஆராய்ச்சி நிறுவனத்தின் பசுமைக்குடிலுக்குள் வந்தாள். வந்து பார்த்தால் அவள் மேசையில் செடியே இல்லை. தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

தண்ணீர் ஊற்றுகிற அண்ணன் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டார்.

“உங்களுக்குத் திடீர்னு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனீங்கல்ல, அந்த வாரமே உங்க மேசைக்கு வர்ற தண்ணிக்குழாய் அடைச்சுக்கிச்சும்மா. நான் வேற லீவு. வெயில் கொளுத்தி எடுத்திருச்சு. வந்து பார்த்தா எல்லாம் சருகு.”

“செடி போகட்டும்ணே. மண்ணு?”

“அதைச் சுத்தம் சார்தான் வாளியில அள்ளிக்கிட்டுப் போனாரு. ஒரு பொட்டு விடல.”

அவள் கவிழ்ந்திருந்த தொட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள்.

செடி வெறும் மக்காச்சோளம்தான், விதைத்தால் முளைத்துவிட்டுப் போகிறது. அந்த மண்ணுக்குள் இருந்த பூஞ்சைதான் அவளுடைய படிப்பு, வேலை எல்லாமே. மணிச்சத்து என்கிற பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் பயிர் தவிக்கும்போது, அது நூல் நூலாக ஓடி, வேருக்கு எட்டாத இடத்திலிருந்தெல்லாம் சத்தை எடுத்து வந்து ஊட்டும். பதிலுக்குப் பயிர் கொஞ்சம் சர்க்கரை கொடுக்கும். உயிருள்ள வேர் ஒன்று கிடைத்தால்தான் அதற்குப் பிழைப்பு. உரம் வாங்க வழியில்லாத ஒருவருடைய நிலத்தில், எப்படியோ பச்சையாக நின்ற சோளத்தின் வேரில் அதைக் கண்டுபிடித்தாள். அந்த நிலத்தின் மேல் இப்போது ரோடு போட்டாயிற்று. இனி தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

“ஊரெல்லாம் பூஞ்சை பிடிச்சா ரொட்டியைத் தூக்கிப் போடும், நீ அதுக்குத் தாலாட்டு பாடறே” என்று கணவன்கூடக் கிண்டல் செய்வான்.

இந்தச் சுத்தம் சார் இருக்கிறாரே, ஆராய்ச்சியில் அவளுக்கு நேர் எதிர். எந்தப் பூஞ்சையின் தயவும் இல்லாமல் எந்தச் சோள ரகம் சத்துக் குறைவைத் தாங்கும் என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குடிலின் கோடியில் கதவு போட்ட தனி அறை. மண்ணை ஆவியில் வேகவைத்துத்தான் தொட்டியில் போடுவார். வெளிமண் ஒரு சிட்டிகை கலந்தாலும் அத்தனை வருஷ உழைப்பும் பாழ். அதனால் யாராக இருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகணும். ஒருமுறை நிறுவனத் தலைவரையே கால் கழுவ வைத்தார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். “உன் மண்ணுக் கையோட இந்தப் பக்கம் வராதே” என்று அவளையும் விரட்டியிருக்கிறார்.

விறுவிறுவென்று போய் அந்த வாசலில் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது.

“நான் எப்ப போவேன்னு காத்திருந்தீங்களா சார்? என் மண்ணு உங்களுக்கு அழுக்கு. கிடைச்சதுடா சாக்குன்னு வழிச்சுக் கொட்டிட்டீங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“குழந்தை எப்படிம்மா இருக்கு? குறைமாசம்னு சொன்னாங்களே.”

“பேச்சை மாத்தாதீங்க. என் செடி கருகிப் போச்சு, உங்க செடி மட்டும் நல்லாத் தளதளன்னு நிக்குது.”

சொல்லும்போதே அவளுக்கு என்னவோ உறுத்தியது. சுத்தம் சாரின் செடிகள் என்றைக்குமே சத்தில்லாமல், இலையோரம் ஊதா பூத்து, நோஞ்சானாகத்தான் நிற்கும். இன்றைக்கு ஒன்றில்கூட ஊதா இல்லை. எல்லாம் அவர் தோள் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றன.

“ஆமாம்மா,” என்றார் அவர். “பாவம், இப்பதான் அதுங்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கிடைச்சிருக்கு.”

அவள் வாசலிலிருந்தே தொட்டிகளை எட்டிப் பார்த்தாள்.

“உன் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், அடுப்பு மேல வெச்ச மாதிரி சுட்டுது. புதுசா விதை போட்டு வேர் விடறவரைக்கும் உன் பூஞ்சை தாங்குமான்னு பயமா இருந்துச்சு. அன்னிக்கு இங்க உயிரோட நின்ன சோள வேர் என்கிட்டதான் இருந்துச்சு.”

“ஒரு தொட்டியில போட்டிருந்தா போதாதா சார்?”

“எதுல பிடிக்கும், எதுல பிடிக்காதுன்னு யாரு கண்டா? அதான் எல்லாத்துலயும் போட்டுட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்தான். பிள்ளை பெத்துப் படுத்திருக்கறவளுக்குப் போன் பண்ணிச் சொல்ற சேதியா இது?”

அவளுக்குத் தன்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

“சார், உங்க ஆராய்ச்சி...”

“சோளம்தானே, மறுபடி முதல்லேருந்து போட்டுக்கறேன். உன் பூஞ்சைக்குத் திரும்பிப் போக ஊரு ஏது?”

பச்சைப் பசேலென்று நிற்கிற அந்தச் செடிகளை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்போல இருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

“செருப்போடயே வாம்மா,” என்றார் சுத்தம் சார்.