கீழூர் மணியின் நாக்கு

ஒரு மலையில் மேலூர், கீழூர் என்று இரண்டு ஊர்கள். இரண்டிலும் அரசுப் பள்ளி இருந்தது. கீழூர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர் அங்கேயே குடியேறிவிட்டார். கூரை ஒழுகுவது நின்றது, குழாயில் தண்ணீர் வந்தது. மேலூர்ப் பிள்ளைகளும் காட்டுப் பாதையில் இறங்கி அங்கே படிக்கப் போனார்கள்.

மேலூர்ப் பள்ளியில் தொங்கிய மணிக்கு வயிறு எரிந்தது. காலைதோறும் கீழூர் மணியின் ஓசை மலையேறி வந்து அதை வதைத்தது.

"அந்தக் குரலில் மயங்கித்தான் என் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அதன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு வா," என்று காக்கையிடம் சொன்னது.

நாக்கைக் கட்டியிருந்த கயிற்றைக் காக்கை கொத்தி அறுத்து, நாக்கைத் தூக்கி வந்தது.

மறுநாள் கீழூரில் மணி ஒலிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள்.

"இன்றைக்கு யார் கூப்பிட்டுப் போனார்கள்?" என்று மேலூர் மணி காக்கையிடம் கேட்டது.

"டீச்சர்தான். வாசலில் நின்று மாசாணி, சடையன், பூவாயி என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டார்."

"எல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகள். நம்ம வாத்தியாருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாதா?"

"அவர் வந்தால் கேட்டுச் சொல்கிறேன்," என்றது காக்கை.