கோணல் டை

மாமனார் ஆல்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

முதல் பக்கம் என்று நினைத்து அவர் திறந்தது கடைசிப் பக்கத்தை. அதில் மண்டபத்து விளக்குகள் தரையில் எரிந்தன. விருந்தாளிகள் கூரையிலிருந்து தொங்கினார்கள்.

"அடடா, என்ன பளிச்சுன்னு இருக்கு! மாப்ள, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த மருமகனுக்குச் சிரிப்பு வந்தது. எதையாவது செய்து ஆளைச் சிரிக்கவைப்பது மாமனாரின் பழக்கம். இதுவும் அப்படி ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தான்.

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "பிரமாதம்" என்றார். அவர் பார்வை ஆல்பத்துக்குச் சற்று அப்பால், மேசைமேல் இருந்த பூச்சாடியின் பக்கம் நின்றிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கதவைத் திறந்தது அவர்தான். முன்னால் நடந்து சோபாவைக் காட்டியதும் அவர்தான். எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. கண் கொஞ்சம் மங்கல், சொட்டு மருந்து விடுகிறேன் என்று போன வருடம் போனில் சொன்னார். அதே மூச்சில், "நம்ம ஆல்பம் எப்ப வருது, மாப்ள?" என்றும் கேட்டார்.

இதோ வருகிறது என்றான் இவன். அதற்கு முந்தைய வருடமும் அதைத்தான் சொல்லியிருந்தான்.

அவனுக்குப் பிழைப்பே ஆல்பம்தான். கல்யாணப் படங்களைத் திருத்தி, அடுக்கி, புத்தகமாக்கிக் கொடுப்பான். ஊரார் ஆல்பமெல்லாம் சொன்ன தேதிக்குப் போய்விடும். சொந்தக் கல்யாண ஆல்பம் மட்டும் மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் முடியவில்லை.

"நம்ம ஆல்பம் வர்றதுக்குள்ள நம்ம பொண்ணு கல்யாண ஆல்பமே வந்துடும் போல" என்று மனைவி குத்திக் காட்டுவாள்.

எல்லாம் ஒரே ஒரு படத்தால் வந்தது.

மேடையில் மாமனார் நடுவில், இரண்டு பக்கமும் இவர்கள். மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படம் அது ஒன்றுதான். அதில் மனைவி கண்ணை மூடியிருந்தாள். அவனுடைய டை கோணலாக இருந்தது.

டையை நிமிர்த்துவது பெரிய வேலை இல்லை. கண்தான் படுத்திவிட்டது. வேறு படங்களிலிருந்து அவள் கண்களை எடுத்து ஒட்டிப் பார்த்தான். ஒன்றில் வெளிச்சம் சேரவில்லை, ஒன்றில் பார்வை எங்கோ போயிற்று. கடைசியில் அவளுடைய அலுவலக அடையாள அட்டைப் படத்திலிருந்த கண்கள் கச்சிதமாகப் பொருந்தின.

ஆல்பம் வந்த பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நேரே இங்கேதான் கொண்டுவந்தான். முதலில் பார்க்க வேண்டியவர் மாமாதான் என்று.

காபித் தட்டுடன் வந்த மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பாவின் கையில் ஆல்பம் இருந்த விதத்தை அவளும் பார்த்துவிட்டாள்.

அவன் எழுந்துபோய் மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இங்க கொடுங்க மாமா. புது ஆல்பம், பக்கம் ஒட்டிக்கும். நான் புரட்டறேன்."

வாங்கி, சத்தமில்லாமல் நேராக்கி, அவர் மடியில் பாதியும் தன் மடியில் பாதியுமாக வைத்தான்.

"இது மண்டப வாசல். எல்லாரும் வரிசையா நிக்கறாங்க, மாமா. எல்லாரும் சிரிக்கறாங்க."

"ம்" என்றார்.

அடுத்த பக்கத்திலும் எல்லோரும் நேராக நின்று சிரித்தார்கள். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை. இருந்ததையெல்லாம் அவனே பார்த்துப் பார்த்து அழித்திருந்தான்.

"இதுல உங்க தம்பி பின்னாடி நின்னு கொட்டாவி விடறாரு. பல்லு பூரா தெரியுது."

அந்தக் கொட்டாவியையும் அவன் எப்போதோ மூடிவிட்டிருந்தான்.

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். "அவன் எங்க போனாலும் அதான்!" பிறகு அவன் பக்கம் சாய்ந்து, "மேடையில நாம மூணு பேரும் நின்னோமே, அது வந்திருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு, மாமா."

"மாப்ள டையைக் கட்டியிருக்காரா, டை மாப்ளையைக் கட்டியிருக்கான்னு இவ காதுல கேட்டேன். அவ்வளவுதான், கண்ணை மூடிக்கிட்டு ஒரே சிரிப்பு. அப்பப் பார்த்து எடுத்துட்டான் கேமராக்காரன். அப்படியே வந்திருக்கா?"

அந்தப் பக்கம் திறந்துதான் இருந்தது. டை அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நின்றது. மனைவியின் வாய் சிரித்தது. அடையாள அட்டைக் கண்கள் எதையும் கண்டுகொள்ளாமல் நேரே பார்த்தன.

"அப்படியே வந்திருக்கு, மாமா. கண்ணை இறுக்கி மூடியிருக்கா. டை பாதி தோளுக்குப் போயிடுச்சு."

மாமனாருக்குத் தோள் குலுங்கியது. கையை நீட்டிப் பக்கத்தைத் தடவினார். விரல் படத்தில் பின்னால் தொங்கிய வெறும் திரைச்சீலையின்மேல் போய் நின்றது.

"இதானே இவ?"

"நானேதான்ப்பா."

அப்பாவிடம் கேட்க வேண்டியது அவளுக்கு நிறைய இருந்தது. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அப்பாவின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் அவள் அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்த நேரத்தில், அச்சுக்கூடத்திலிருந்து போன் வந்தது. இத்தனை வருடமாக அவனுடைய நச்சரிப்பைப் பொறுத்துக்கொண்ட மனிதர்.

"சார், ஒரு பக்கம் மட்டும் மாத்தணும்னு அனுப்பியிருக்கீங்க. அவசரத்துல பழைய படம் வந்துடுச்சு போல. மேடம் கண்ணு மூடியிருக்கு. உங்க டை வேற எங்கயோ போகுது."

"போகட்டும்" என்றான். "அப்படியே போடுங்க."