இமெல்டா மேல் ஒரு புகார்

எட்டு மணி பத்து நிமிடம். இமெல்டா கான்ட்டு இன்றைக்கும் சிறைக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். பார்வையாளர் கூடத்து மூலையில், செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ராய்ஸ் டில்லரி நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டார்.

கட்டணம் வாங்கிக்கொண்டு கைதானவர்களுக்கு ஜாமீன் நின்று வெளியே எடுப்பதுதான் ராய்ஸின் தொழில். டெக்சஸின் அந்தச் சிறிய ஊரில் இருபத்திரண்டு வருடமாக அவர் கடை ஒன்றுதான் இருந்தது. அவரிடம் ஒன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்த இமெல்டா, போன மார்ச்சில் தனியாக லைசென்ஸ் வாங்கி நேர் எதிரே கடை போட்டுவிட்டாள்.

இப்போது காலையிலேயே அவள் வாசலில் நாலு வண்டி நிற்கிறது. அவர் வாசலில் தபால்காரர்கூட நிற்பதில்லை. எதிர்க்கடையில் மட்டும் காபி குடித்துச் சிரித்துவிட்டுப் போகிறார். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டாலே ராய்ஸுக்கு வயிறு எரியும்.

"ஜெயிலுக்குள்ள போய் ஆள் பிடிக்கிறா. இல்லேன்னா இவ்வளவு கூட்டம் எப்படி வரும்?" என்று மனைவி நாடீனிடம் பொருமினார்.

"போன் அடிச்சா உடனே எடுக்கிறா. மரியாதையாப் பேசுறா. அது காரணமா இருக்கக் கூடாதா?"

"நீயும் அவ கட்சியா?"

கையும் களவுமாகப் பிடிப்பதென்று பத்து நாள் காலையில் கூடத்திலேயே காத்துக் கிடந்தார். அவள் வருவாள், ஜன்னலில் கையெழுத்துப் போடுவாள், ஐந்தே நிமிடத்தில் யாரையாவது விடுவித்துக் கூட்டிப் போவாள். அந்த லாவகம் அவரை இன்னும் எரித்தது. அவரோ பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் அம்மாக்களுக்கு ஆறுதல் சொல்லி, தன் கடை கார்டையும் கையில் திணிப்பார். வந்ததற்கு அதாவது லாபம்.

பத்தாம் நாள், ஜாமீன் லைசென்ஸ் வழங்கும் கவுண்டி வாரியத்துக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதிப் போட்டார். அடுத்த வாரமே வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. நாடீன்தான் பிரித்து வாசித்தாள்.

"சிறைக் கட்டடத்துல ஆள் பிடிச்சது பத்தி விசாரணையாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு. வேணும்னா வக்கீலோட வரலாம்னு போட்டிருக்கு."

"புகார் குடுத்தவனுக்கு எதுக்கு வக்கீல்?" ராய்ஸ் குலுங்கிச் சிரித்தார்.

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு, ராய்ஸ்."

"எல்லாம் சட்டப் பேச்சு. மடிச்சு வை."

வாரியம் அனுப்பும் எந்தக் காகிதத்தையும் அவர் முழுதாகப் படித்ததில்லை. ஒன்பது வருடமும் இமெல்டா படித்து, விஷயத்தை நாலு வரியில் சொல்லிவிடுவாள். அவள் போனபிறகு வந்த உறைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் குவிந்திருந்தன.

வியாழக்கிழமை நீலக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். விசாரணை அறைக்கு வெளியே இமெல்டா தனியாக நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பார்க்கப் பார்க்க ராய்ஸுக்கு மனம் குளிர்ந்தது.

"மிஸ்டர் ராய்ஸ், ஒரு நிமிஷம்... வக்கீல் யாரும் வரலையா?"

"எனக்கெதுக்கு? நீதான் கூட்டிட்டு வந்திருக்கணும்."

"செப்டம்பர்ல வந்த புது விதியைப் படிச்சீங்களா?"

"எங்கிட்டயே தொழில் கத்துக்கிட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா? போ, போ."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வாரியத் தலைவரான நீதிபதி பர்னெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வக்கீல் வேண்டாம்னு நீங்களேதான் சொல்றீங்க?"

"வேண்டாம் ஐயா. உண்மையைச் சொல்ல எதுக்கு வக்கீல்?"

"சிறைக் கூடத்துல எத்தனை நாள் இருந்தீங்க?"

"பத்து நாள். ஏழரைக்கு வந்தா ஒன்பது வரைக்கும். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்." நோட்டைப் பெருமையாக நீட்டினார்.

"ஜாமீன் வேணும்னு யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்லையே, நானாத்தான் வந்தேன்."

"அங்க இருந்தவங்ககிட்ட பேசினீங்களா?"

"அழுதுட்டு இருக்கிறவங்களைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா ஐயா? ஒரு பன்னெண்டு பேருக்கு கார்டு குடுத்தேன்."

இமெல்டா கண்ணை மூடிக்கொண்டாள். மாட்டிக்கொண்ட பயம் என்று ராய்ஸ் நினைத்தார்.

நீதிபதி ஒரு காகிதத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "புது விதிப்படி, யாரும் கூப்பிடாம ஜாமீன் ஏஜென்ட் சிறைக் கட்டடத்துக்குள்ளயே வரக் கூடாது. அங்க கார்டு குடுக்கவும் கூடாது. மீறினா லைசென்ஸ் போயிடும்."

கடைசி வார்த்தைகள் மட்டும்தான் ராய்ஸின் காதில் தேனாகப் பாய்ந்தன. "அப்படிச் சொல்லுங்க ஐயா! இவ லைசென்ஸை இன்னிக்கே பிடுங்கிடுவீங்களா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தம்மா ஒவ்வொரு தடவையும் குடும்பத்துக்காரங்க கூப்பிட்டுத்தான் வந்திருக்காங்க. ரிஜிஸ்டர்ல இருக்கு. பத்து நாள் உள்ள உக்காந்திருந்தேன்னு மூணு பக்கம் எழுதிக் குடுத்தது நீங்க. விசாரணை உங்க மேலதான், மிஸ்டர் டில்லரி."

ராய்ஸ் விரலை இமெல்டா பக்கம் நீட்டினார். "அப்போ... இவ எதுக்கு வந்திருக்கா?"

"உங்களுக்காகப் பேசி உங்க லைசென்ஸைக் காப்பாத்தத்தான் வந்தாங்க."