சத்தம் எகிறும் இடம்

"மூணு மாசப் பதிவைப் பத்து நிமிஷமா வெட்டி நாளைக்குக் குடுக்கணுங்க. இது தவறுச்சுன்னா எனக்கு வேற வழியில்ல," என்றாள் மனைவி, லேப்டாப்பை மடியில் வைத்தபடி.

வீடியோ எடிட்டரான கணவன் சோபாவைவிட்டு எழவில்லை. யார் வேலை என்றும் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்ததோடு ஏளனத்தையும் கொசுறாகப் போட்டான்.

"மவுஸை உருட்டினா வருஷமாயிடும். உன் மண்டையில ஏறுதான்னு பாரு. வேணுங்கிற இடம் ஆரம்பிக்கிறப்ப ‘ஐ’ பட்டனைத் தட்டு, முடியுறப்ப ‘ஓ’ தட்டு."

"அதுக்கு முழுசும் பாக்கணுமே? ஆளுங்க கத்துற இடம் மட்டும் போதும்."

"மக்கு. கீழே சத்தத்துக்கு ஒரு கோடு ஓடுதுல்ல? கத்துற இடத்துல எகிறி நிக்கும். நேரா அங்க போ."

மாலைக்குள் முடித்துவிட்டாள்.

அடுத்த மாதம் குடும்ப நீதிமன்றத்தில் அந்தப் பத்து நிமிடம் ஓடியது. அவளை வேவு பார்க்க அவனே கூடத்தில் மாட்டிய கேமராவில் பதிவானது. காட்சிக்குக் காட்சி அவன் கத்தல், ஓங்கிய கை, சுவரோரம் அவள்.

"ஒரு நொடிகூட வீணில்லையே. யாரும்மா வெட்டினது?" என்றார் நீதிபதி.

"நான்தாங்க ஐயா. சொல்லிக்குடுத்தது எதிர்ல நிக்கிற அவர்தான்."