கம்ப்யூட்டர் போட்ட பாகம்

வியாகுலத்துக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூடியிருந்த கம்ப்யூட்டர் ரூம் கதவில் காதை வைத்துப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு அமைதியாகவா வேலை பார்க்கும் என்று ஆச்சரியமாக இருந்தது.

பெஞ்சின் அந்தக் கோடியில் தம்பி இன்னாசி பழைய பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தான். இருவரும் பேசி நாலு வருஷமாகிறது. பாப்பாரப்பட்டியில் அப்பா விட்டுப்போன மனையைப் பிரித்துக் கொடுக்க முடியாமல் ஊர்ப் பெரியவர்கள் ஓய்ந்தார்கள், பங்குச் சாமியாரும் கைகழுவினார். யார் வாயைத் திறந்தாலும் தம்பி பக்கம் பேசுவதாகவே வியாகுலத்துக்குப் பட்டது.

மகள் ராயம்மாளுக்குத் தையில் கல்யாணம். அதற்குள் வீடு எழும்பியாக வேண்டும். இன்றைக்கும் முடியாவிட்டால் கோர்ட்டுதான், கோர்ட்டுக்குப் போனால் வீடாவது ஒன்றாவது!

அந்த எண்பத்தெட்டாம் வருஷம்தான் இன்ஜினீயர் வெங்கடாசலம் பெங்களூரிலிருந்து தர்மபுரிக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். மனை அளவையும் இருவர் தேவையையும் கொடுத்துவிட்டால் போதுமாம். சுவரையும் வாசலையும் நூறு விதமாக மாற்றிப் போட்டுப் பார்த்து, ஒத்துவருவதை அதுவே எடுத்துக் கொடுக்குமாம். மெஷினுக்கு ஏது அண்ணன், ஏது தம்பி? ஆனால் போன வாரம் அது கொடுத்த பிளானில் கிணறு தம்பி பக்கம் போய்விட்டது. வியாகுலம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கதவு திறந்தது. வேர்த்து வழிய வந்த வெங்கடாசலம் பிளானை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார்.

"ஒரு வாசல் கிழக்க, ஒண்ணு மேக்க. ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க வேண்டியதில்லீங்க. கிணறு நடுவுல. அதுமேல குறுக்க சுவரு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ராட்டினம்."

"இது நீங்க சொல்றதா, மெஷின் சொல்றதா?"

"மெஷினுங்க."

இன்னாசி ஒருதரம் அண்ணாந்து மேலே பார்த்தான். ஆண்டவரை வேண்டிக்கொள்கிறான் போல என்று வியாகுலம் நினைத்தார். அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். வியாகுலமும் போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் அவருக்கு நாக்கு வறண்டது. பெட்டிக்கடையில் கேட்டார்.

"கலர் ஒண்ணு குடுங்க, நல்லா ஜில்லுனு."

"ஜில்லுனு ஏதுங்க? டவுன் பூரா காத்தாலயிருந்து கரண்டே இல்லீங்களே!"

வியாகுலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாகப் பிளானைப் பிரித்துக் கோட்டைத் தேய்த்தார். விரலில் பென்சில் கரி ஒட்டியது. படுபாவி, கையால் போட்டுக் கொடுத்து ஏமாற்றிவிட்டானே! ஆத்திரத்தில் தாளை இரண்டாகக் கிழிக்கப் போனார்.

முதுகுக்குப் பின்னால், நாலு வருஷமாக அவரிடம் பேசாத குரல்.

"கிழிச்சுராதண்ணா. ஃபேன் சுத்தலன்னு நான் அங்கயே பாத்துட்டேன்."